நான்காம் போத்தல்

ரோஜா சிராப்பின் நிறத்தில் இருக்க வேண்டும்.
ஏழு போத்தல்களும் அப்படித்தான் இருந்தன
திங்கட்கிழமை மாலை வரை.
செவ்வாய் காலை நான்காவதன் கழுத்தில்
ஒரு பச்சைக் கோடு.
கழுவாத தொட்டியில் விரல் வைத்தால் வழுக்குமே, அது.

பகாவ் ஆலையின் பின்புறம்,
கொதிகலனுக்கும் கழிவுக் குளத்துக்கும் நடுவில்,
முன்பு உரமூட்டை அடுக்கிய அறை.
செம்பனைக் கழிவைத் தின்று
ஹைட்ரஜன் விடும் சிவப்பு நுண்ணுயிர்களை
இங்கே வளர்க்கிறேன்.
சம்பளச் சீட்டில் ஆய்வக உதவியாளர்.
செய்யும் வேலை குமிழி எண்ணுவது.
மணிக்கு அறுபது. நல்ல நாளில் எண்பது.

பாசி மேல் எனக்குக் கோபம் கிடையாது.
வெளிச்சம் கண்டால் அது மூச்சு விடுகிறது.
அந்தப் பிராணவாயுதான்
என் சிவப்புகளின் கையைக் கட்டிப் போடுகிறது.
ஊரே வாழும் காற்று உள்ளே வந்ததும்
குமிழி நாற்பதானது, பதினொன்றானது,
பிறகு குழாய் சும்மா இருந்தது.

கழிவு நீரைக் காய்ச்சினேன். வடிகட்டினேன்.
மூடிகளை ஸ்பிரிட்டில் துடைத்தேன்.
வியாழக்கிழமை பாசி
ஐந்தாம் போத்தலுக்குக் குடிபோயிருந்தது,
முன்பணம்கூடக் கொடுக்காமல்.

"டையூரான் ஒரு சிட்டிகை,
பச்சை மட்டும் சாகும்" என்றார் பொறியாளர் இயோ.
சரிதான். புத்தகமும் அதையே சொல்கிறது:
பச்சை ஒளியைப் பிடிக்கும் கொக்கியை அது ஒடிக்கும்,
சிவப்பிடம் அந்தக் கொக்கியே கிடையாது.

ஸ்டோர் சாவி தனவந்தியிடம்.
பதினாறு வருடமாகத் தோட்டத்தில் மருந்து அடிப்பவள்.
மைலோ டின்னில் கொண்டுவந்தாள், கையுறை இல்லாமல்.
"புல்லுக்கு அடிக்கிறத போத்தலுக்குமா?"
சிரித்தபடி நீட்டிய கையில்
இரண்டு விரல்களில் நகம் முளைப்பதை நிறுத்தி நாளாகிறது.
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
இந்த அறையின் சாக்கடை குளத்துக்கு,
குளம் ஆற்றுக்கு,
ஆற்றில் அவள் மகனின் தூண்டில்.

டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வேறு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பாசி உண்பது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை.
சிவப்பு அதற்கும் அப்பால் போய்
நம் கண் கைவிட்ட இடத்திலும் உண்ணும்.
ஒரே பந்தி, இலை வேறு.
பச்சையின் இலையை மட்டும் எடுத்துவிட்டால்?

டவுனில் லிம் கடையில்
கண்காணிப்புக் கேமராவுக்கு வைக்கும் அகச்சிவப்பு விளக்குகள்,
பன்னிரண்டு, நூற்றெட்டு வெள்ளி. பாதி என் கைக்காசு.
ஜன்னலுக்குக் கறுப்பு பிளாஸ்டிக்,
கதவிடுக்குக்குப் பழைய சாக்கு.
சுவிட்சைப் போட்டேன்.
கண் பழகியபின், அணையப் போகும் ஊதுபத்தி முனைபோல்
மங்கலாக ஏதோ.
கைப்பேசிக் கேமராவில் பார்த்தால்தான்
பன்னிரண்டும் வெளிர் ஊதாவில் எரிந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் தனவந்தி கதவைத் திறந்தாள்.
"கரண்டு போச்சா?"
"லைட் எரியுது. சீக்கிரம் மூடு."
மூடினாள், உள்ளே நின்றுகொண்டு.

ஒன்பதாம் நாள்
ஐந்தாவதில் பச்சை மஞ்சளாகி
ஊறிய பருப்புத் தோல்போல் அடியில் படிந்தது.
நான்காவது தேறவில்லை, காய்ச்சிக் கொட்டிவிட்டேன்.
ஆறாவதில் ஓர் இழை இருக்கிறதா என்று
விளக்குப் போட்டால் தெரியும்.
போட மாட்டேன்.

இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவளும் வந்தாள்.
ஆலைச் சங்கு ஓயும்வரை பொறுத்து
இருவரும் காதால் எண்ணினோம்.
ப்ளக்.
நெடுநேரம் கழித்து, ப்ளக்.
விரல் மடக்குகிறாள் போல,
மூட்டு சொடுக்குவது கேட்டது.

இருபத்திரண்டு என்றாள்.
நான் இருட்டிலேயே
இருபத்தொன்று என்று எழுதினேன்.